பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது

அந்தப் பெண்ணைத் தூக்கியது நான்தான். அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, ரோட்டின் குறுக்கே கிடந்த புளியமரத்தின் கிளைகளுக்கு நடுவிலிருந்து வேன் வரைக்கும் இழுத்து வந்தேன். கள்ளக்குறிச்சிக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில் ஒரு இடம்.

அவள் திமிறவில்லை, திட்டவும் இல்லை. உடம்பை அப்படியே தளரவிட்டாள். மறியலில் உட்காருகிறவர்களுக்கு யாரோ இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தளர்ந்த உடம்பு இரட்டைக் கனம் கனக்கும். பாதி வழியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவளைக் கீழே விட்டுவிட்டு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தரையில் கிடந்தபடியே அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாம்மா போலீசு, ஒன்னியத் தூக்கவே ஒரு ஆளு வேணும் போலக்குதே."

ரோட்டில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தத் தொடரில் போன வாரம் நான் காக்கி உடுத்திய கதையைச் சொல்லி முடித்தேன். அடுத்து கல்யாணம் வர வேண்டும். அதில் எழுத ஒன்றுமில்லை. நல்ல மனிதர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் காட்டிலாகா வேலை. பஸ் ஓடினால் வாரம் ஒருமுறை இறங்கி வருவார். நான் கருணாபுரத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். மகள் பிறந்தாள். அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெல்ட் எட்டவில்லை

பிரசவ விடுப்பு முடிவதற்குள்ளேயே கூப்பிட்டுவிட்டார்கள். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ரோட்டை மறித்த காலம் அது. நம் பக்கமெல்லாம் அப்போது தென்னார்க்காடு மாவட்டம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்ப்பார்கள். நாங்கள் போய் அப்புறப்படுத்துவோம். அடுத்த மரம் விழும். கேட்பது நியாயமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ரோட்டைத் திற என்றார்கள், திறந்தோம். மறியலுக்குப் பெண்களும் வரத் தொடங்கியதும் பெண் போலீஸ் தேவைப்பட்டது. ஸ்டேஷனில் இருந்ததோ நானும் சரோஜா அக்காவும் மட்டும்.

அப்போது எங்களுக்குக் காக்கிச் சேலை. அதன்மேல் தோல் பெல்ட். மூன்று மாதம் அம்மா போட்ட பூண்டுக் குழம்பும் நல்லெண்ணெயும் கருவாடும் என் இடுப்பில்தான் குடியிருந்தன. மூச்சைப் பிடித்து இழுத்தும் பெல்ட் எட்டவில்லை. சரோஜா அக்கா முட்டிக்காலை என் முதுகில் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். பக்கிள் கையோடு வந்ததுதான் மிச்சம்.

ரோல்கால் நேரத்தில் பெல்ட் இல்லாமல் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு பேர் நிக்க வேண்டிய எடத்துல ஒரே ஆளா வந்து நிக்கற?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தொப்பை பெல்ட்டுக்கு மேல் வழிகிற ஏட்டுகளும் சிரித்தார்கள். ஆம்பிளைத் தொப்பைக்கு அனுபவம் என்று பெயர், பிள்ளை பெற்றவள் வயிற்றுக்கு ஒழுங்கீனம் என்று பெயர். பத்து நாளில் பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் மெமோ என்றார்.

அன்றைக்கு இராத்திரியே சோற்றை நிறுத்தினேன்.

மூன்று பேர் சொன்ன ஒரே சொல்

இங்கே தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் பச்சை உடம்புக்காரி என்பார்கள். பச்சையாக இருப்பது காய வேண்டும். அதனால் தண்ணீர் காட்டக் கூடாது. இது அம்மாவின் சட்டம். காலையில் வெந்நீர் ஊற்றி, பழைய வேட்டியால் வயிற்றை இறுக்கிக் கட்டி, ஒரு சின்ன டம்ளரில் சுக்குத் தண்ணீர் கொடுப்பாள். மதியம் இன்னொரு டம்ளர். அவ்வளவுதான். நாக்கு வறண்டு நான் குடத்துப் பக்கம் போனால் குரல் வரும்.

"இன்னாடி தனம், அந்தப் பக்கம் இன்னா வேல? தண்ணி குடிச்சா வயிறு போட்டுக்கும். புள்ளைக்கு சளி புடிச்சிக்கும். கம்முனு வந்து குந்து."

பிரசவமாகி மூன்று மாதமாகியும் அந்தச் சட்டத்தை அவள் தளர்த்தவில்லை. முன்பெல்லாம் இதற்காக அவளோடு சண்டை போடுவேன். பெல்ட் எட்டாத நாளுக்கப்புறம் சண்டையை விட்டுவிட்டேன். குடிக்காவிட்டால் வயிறு போட்டுக்கொள்ளாது என்கிறாளே, நமக்கும் அதுதானே வேண்டும் என்று நானே குடத்துப் பக்கம் போகாமல் இருந்தேன்.

இரண்டாவது சட்டம் சரோஜா அக்காவுடையது. பந்தோபஸ்துக்குப் போகிற பெண் போலீஸ் காலையில் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ரோட்டில் நிறுத்துகிறவர்கள் எங்களுக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. ஆம்பிளைகள் மரத்துக்குப் பின்னால் போவார்கள். எங்களுக்கு அதுவும் முடியாது. அந்த வருடம் மரமே ரோட்டில்தான் கிடந்தது.

"தாகமா கீதுன்னு குடிச்சிட்டு அப்புறம் சாயங்காலம் வரைக்கும் காலப் பின்னிக்கினு நிக்காத. நான் சொல்றதக் கேளு," என்பாள் அக்கா. அவளுக்கு அப்போதே சிறுநீர் கழித்தால் எரிச்சல் இருந்தது. அதை அவள் போலீஸ் வேலையில் ஒரு அலவன்ஸ் மாதிரி சொல்வாள்.

மூன்றாவது சட்டம் இன்ஸ்பெக்டருடைய பெல்ட்.

ஆக, வீட்டில் ஒரு காரணம், ரோட்டில் ஒரு காரணம், ஸ்டேஷனில் ஒரு காரணம். எல்லாரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: குடிக்காதே, தின்னாதே. இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

உடம்பு இறங்கியது. சும்மா இறங்கவில்லை, மளமளவென்று இறங்கியது. பெல்ட் எட்டியது, அப்புறம் தொளதொளத்தது. "இப்பத்தாம்மா போலீஸ் மாதிரி இருக்கற," என்றார் இன்ஸ்பெக்டர். தெருவில் பிள்ளை பெற்ற இரண்டு பெண்கள் வந்து என்ன சாப்பிட்டாய் என்று இரகசியமாகக் கேட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மாப்பிள்ளை நடந்தே வந்தார்

பஸ் நின்றுபோய் இரண்டு வாரமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக நடந்தும், கிடைத்த மாட்டுவண்டியில் ஏறியும் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பை சாமை அரிசி. வாசலில் நின்று என்னையும் பார்த்தார், என் கையில் இருந்த பிள்ளையையும் பார்த்தார்.

"இன்னா தனம், ரெண்டு பேரும் இப்டி வத்திக்கீறீங்க?"

ரெண்டு பேரும் என்றார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் என்னை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தேன். பிள்ளையின் தொடையில் தோல் மடிந்து தொங்குவதைப் பார்த்திருந்தேன், ஆனால் பார்த்ததை அம்மாவின் சொல்லுக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அம்மாவின் சொல் தோஷம். பிள்ளை இளைத்தால் எங்கள் பக்கம் முதலில் வருகிற சொல் அதுதான். தீட்டோடு யாரோ பிள்ளையைத் தொட்டிருக்கிறார்கள், நிழல் பட்டிருக்கிறது, அதனால்தான் பிள்ளை அழுது அழுது வற்றுகிறது. அம்மா மந்திரிக்க எடுத்துப் போனாள். கறுப்புக் கயிறு கட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருத்தரும் பிள்ளையைத் தொடக் கூடாது என்று வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள். என்னைவிடக் கண்டிப்பான போலீஸ்.

"மலையில புள்ள பெத்தவளுங்க நாளெல்லாம் கஞ்சி குடிச்சிக்கினே கீறாங்க அத்த," என்றார் அவர், தயங்கித் தயங்கி. "தனத்துக்குத் தண்ணி கின்னி கம்மியா இருக்குமோ?"

"மலங்காட்டு வழக்கம்லாம் நமக்கு எதுக்கு மாப்ள? இது தோஷம். கயிறு கட்டிக்கீது, சரியாப்பூடும்."

மாமியாரை எதிர்த்துப் பேசுகிற மனிதர் இல்லை அவர். சாமை அரிசியை வைத்துவிட்டு மறுநாள் கிளம்பிவிட்டார். போகிற வழியில் ஒரு கம்பவுண்டரிடம் கேட்டுவிட்டு ஆளனுப்பினார்: பவுடர் பால் டப்பா வாங்கிக் கரைத்துக் கொடுக்கவும். கடைகள் அடைத்திருந்தன. திறந்திருந்த ஒன்றிரண்டு கடையிலும் டப்பா தீர்ந்துவிட்டது. சின்னசேலத்திலிருந்து சரக்கு வர வேண்டும், வழியெல்லாம் மரம். காலைப் பால்காரரும் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் நான் மேலே சொன்ன பெண்ணைத் தூக்கினேன்.

மணமகள் அறை

பிடித்த பெண்களையெல்லாம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து அடைத்தோம். சாயங்காலம் விட்டுவிடுவது வழக்கம். வெளியே ஆம்பிளைப் போலீஸ், உள்ளே நானும் சரோஜா அக்காவும்.

மதியத்துக்கு மேல் அந்தப் பெண் எழுந்து என்னிடம் வந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு பெரிய ஈர வட்டங்கள். முந்தானையால் மறைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினாள்.

"ஒரு ரூமு இருந்தா காட்டு. பாலு கட்டிக்கினு வலிக்குது. மத்தியானத்துக்குள்ள வூட்டுக்குப் பூடலாம்னுதான் பையன வுட்டுட்டு வந்தேன். நீதான் தூக்கினு வந்துட்டியே."

மணமகள் அறையைத் திறந்துவிட்டு வாசலில் நின்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பீய்ச்சினாள். சுண்ணாம்புச் சுவரில் பால் கோடு கோடாக வழிந்து இறங்கியது. அவளுடைய தோள் குலுங்கியது. வலியில் அழுகிறாளா, வீட்டில் இருக்கிற பிள்ளையை நினைத்து அழுகிறாளா தெரியவில்லை. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி வழிந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, கருணாபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் சேலைத் தலைப்பால் மூடிய பிள்ளை.

"காலைலருந்து கத்திக்கினே கீதுடி. இப்ப கத்தக்கூட மாட்டேங்குது. எனக்கு பயமா கீது. மாரு குடு."

அந்த அறையிலேயே சுவரோரம் உட்கார்ந்தேன். பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டேன். மகள் வாய் வைத்தாள், இழுத்தாள், விட்டாள். இன்னொரு பக்கம் மாற்றினேன். இழுத்தாள், விட்டாள். வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. கண் ஓரத்தில் நீரும் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பிள்ளை போய்விடும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"பாலு இல்ல," என்றாள் அந்தப் பெண். ரவிக்கையை மூடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்மா, வரும். புள்ளைக்கு தோஷம், அதான் இழுக்க மாட்டேங்குது," என்றாள் அம்மா.

"அது நல்லாத்தான் இழுக்குது. வந்தாத்தான குடிக்கும்?" என்னைப் பார்த்தாள். "காலைலருந்து இன்னா குடிச்ச நீ?"

"டீ."

"அப்பறம்?"

நான் பிள்ளையை மறுபடி முதல் பக்கத்துக்கு மாற்றினேன்.

"எங்க வூட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டாம மடியில கை வெக்க மாட்டோம்," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எங்கருந்து வரீங்க?"

"கருணாபுரம்மா," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள்.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது கூலிக்குப் போகிற தெரு. அவளுடையது நிலம் வைத்திருக்கிறவர்களின் ஊர். அந்த ஊர்களின் டீக்கடையில் அவர்களுக்கு ஒரு கிளாஸ், எங்களுக்கு வேறு கிளாஸ். இந்த மறியல் தொடங்கிய பிறகு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோயிருந்தது. பிள்ளைக்குப் பால் கேட்டால் அவள் முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம். சரி என்று சொல்லி, தோஷத்தோடு தொட்டுவிடுவாளோ என்றும் பயம்.

அந்தப் பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹாலில் இருந்த பெண்களில் இரண்டு பேர் அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "இன்னாடி நடக்குது இங்க?" என்றாள்.

"ஒண்ணும் நடக்கல. சொவத்துல பீச்சறத இது குடிச்சிட்டுப் போவட்டும். எனக்கும் வலி கொறையும்," என்றாள் அவள். அம்மாவிடம் இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"குடும்மா," என்றேன்.

பிள்ளை வாய் வைத்ததும் புரை ஏறியது. அவ்வளவு வேகமாக வந்தது பால். அவள் விரலால் அழுத்திக் கொஞ்சம் கட்டுப்படுத்தி மறுபடி கொடுத்தாள். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. பல வாரமாக அந்தச் சத்தம் என் வீட்டில் கேட்கவில்லை என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். காக்கிச் சேலையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என் பையனுக்கு ஏழு மாசம். சோறு பெசஞ்சி குடுத்தா துப்பிடுவான்," என்றாள். "எப்ப வுடுவீங்க?"

நான் எழுந்து வெளியே போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். கைப்பிள்ளைக்காரி சார், இவளை மட்டும் முன்னாடியே அனுப்பிவிடலாமா என்றேன். ஒருத்தியை விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். திரும்பி வந்து அவளிடம் சாயங்காலம்தான் என்றேன். அவள் தலையாட்டினாள். என் மகளை அடுத்த மாருக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சரோஜா அக்கா எங்கிருந்தோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் போட்ட சட்டத்தை அவளே உடைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அம்மா சொம்பு காலியானதும், "இன்னொரு சொம்பு கெடைக்குமா?" என்று அக்காவைக் கேட்டாள்.

சாயங்காலம்

பொழுது சாய்வதற்கு முன்னால் அவர்களுடைய ஊரிலிருந்து டிராக்டர் வந்தது. வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள்தான் முதலில் ஏறினாள். டிரெய்லரில் நின்றபடி என்னைத் தேடிக் கையைக் காட்டினாள்.

"நாளைக்கும் மறியல்தான். நீதான வருவ?"

"நான்தான்."

"சோறு துன்னுட்டு வா."

அன்றைக்கு வீட்டில் அம்மா சாமை அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சினாள். வயிற்றுக் கட்டை அவிழ்த்துப் போட்டேன். அம்மா அதை மடித்து உள்ளே வைத்தாள், கறுப்புக் கயிற்றை மட்டும் அவிழ்க்க விடவில்லை. அது இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பால் உடனே வந்துவிடவில்லை. வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளாட்டுக்காரி பால் கறந்து கொடுத்து உதவினாள். பெல்ட் மறுபடி எட்டாமல் போனது. மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மண்டபத்தில் அடைத்ததற்கு மறுநாள் அதே இடம். இன்னொரு புளியமரம். வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள். நேற்று போல் வெறுங்கையோடு வரவில்லை. மடியில் மொட்டையடித்த ஒரு பையன், அவளுடைய தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான்.

விசில் ஊதினார்கள். நான் அவளிடம் போய்க் குனிந்தேன். உடம்பைத் தளரவிடுவதற்கு முன்னால் அவள் பையனை என் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல இவனப் புடி. அப்பறம் என்னத் தூக்கு."

வாங்கினேன். நல்ல கனம்.